இருநூற்றில் ஒருத்தி

மகாராணி வந்து கேட்டது இரண்டு மாத்திரைகள்தான்.

அவளுக்குக் காய்ச்சல், அதனால் அன்று மலைக்குப் போகவில்லை. சிலமலை துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஷஹானா கொடுத்த மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தவள், வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“அக்கா, அப்படியே ஜோதிக்கும் வயித்து வலிக்கு ரெண்டு குடுங்க. பத்து நாளா வலிக்குதுங்கிறா. கேட்டா கேஸுங்கிறா.”

ஜோதியும் மகாராணியும் பக்கத்துப் பக்கத்து வீடு. விடியற்காலை ஐந்தரைக்கு ஒரே ஜீப்பில் ஏறி, போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள்.

“எந்தப் பக்கம் வலிக்குதாம்?”

“அடிவயிறு. வலது பக்கம். நேத்து திரும்பி வரும்போது தோள்பட்டையும் குத்துதுன்னா. வயித்து வலிக்கும் தோள்பட்டைக்கும் என்னக்கா சம்பந்தம்?”

மாத்திரை டப்பாவைத் திறந்த ஷஹானா அதை மறுபடி மூடினாள்.

“அவ தலைக்கு ஊத்தி எத்தன நாளாச்சு? ஒனக்குத் தெரியுமா?”

“ரெண்டு மாசமா சரியா வரலன்னு சொன்னா. ஒடம்புல சத்து இல்லக்கா. காலையிலயும் பழைய சோறு, ராத்திரியும் பழைய சோறு.” மகாராணி லேசாகச் சிரித்தாள். “எதுக்கு இப்படி முழிக்கிறீங்க? அவதான் ஆபரேஷன் பண்ணவளாச்சே.”

ஷஹானா எழுந்தாள். மேசை இழுப்பறையிலிருந்து போனை எடுத்து ஜோதியின் எண்ணை அழுத்தினாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி அழுத்தினாள். தோட்டத்தில் சிக்னல் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நான்கு முறை அழுத்தினாள்.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் இதே சிலமலையில், அங்கன்வாடிக் கட்டடத்தில், ஷஹானா ஒரு கூட்டம் போட்டிருந்தாள். போடியில் பிறந்து வளர்ந்தவள். இந்த ஊருக்கு நர்ஸாக வந்து அப்போது ஒன்பதாவது வருடம். புரியாத சதவீதக் கணக்கைப் பெண்களுக்குப் புரியவைக்க அவள் ஒரு வழி வைத்திருந்தாள். வீட்டிலிருந்து நூறு ஏலக்காயை எண்ணி எடுத்துவந்து ஒரு தாம்பாளத்தில் கொட்டினாள்.

“இது நூறு பொம்பளைங்க. ஒரு வருசம் எந்தத் தடுப்பும் இல்லாம இருந்தா இதுல எம்பத்தஞ்சு பேரு முழுகாம இருப்பாங்க” என்று பெரும் குவியலை ஒரு பக்கம் ஒதுக்கினாள். பிறகு மறுபடி சேர்த்தாள். “ஆம்பளைங்க நிரோத் போட்டா?” பதின்மூன்று காயை எடுத்து வெளியே வைத்தாள். “எப்பவும் போடுறதில்ல, கிழிஞ்சும் போகும். அதான் பதிமூணு. மாத்திரைக்கு ஏழு. மறக்காம முழுங்கினா ஒண்ணுகூட இருக்காது, ஆனா மறக்காதவ யாரு? மூணு மாச ஊசிக்கு நாலு. தேதி தள்ளிப் போட்டுருவாங்க. காப்பர்-டிக்கு ஒண்ணு.”

எட்டு மாத வயிற்றோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜோதிக்கு இதெல்லாம் நன்றாகப் புரிந்தது. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தவள். மூத்தவள் பிறந்ததும் காப்பர்-டி வைத்தார்கள். மாதா மாதம் பத்து நாள் உதிரம் கொட்டவே ஆறாம் மாதம் எடுத்துவிட்டாள். அப்புறம் மாத்திரை. ஐந்தரை மணி ஜீப்புக்கு மூன்றரைக்கே எழுந்து சோறாக்கி, பிள்ளையை மாமியார் ராமுத்தாயிடம் விட்டு ஓடுகிறவளுக்கு எந்த நாள் மாத்திரை போட்டோம், எந்த நாள் விட்டோம் என்பது நினைவில் நிற்கவில்லை. வயிற்றில் இருந்த இரண்டாவது, அந்த ஏழு காயில் ஒன்று.

“ஆபரேஷன்னா எத்தனக்கா?” என்று கேட்டதும் ஜோதிதான்.

ஷஹானாவுக்கு விடை தெரியும். பயிற்சியில் எழுதி வைத்திருந்தாள். நூற்றுக்கு அரை. இருநூறு பேரில் ஒருத்தி. ஆணுக்குச் செய்தால் அதைவிடவும் குறைவு, ஆயிரத்தில் ஒன்றிரண்டு. ஒரு காயை நகத்தால் பிளந்து பாதியை எடுத்து வைத்திருக்கலாம். அந்த மாதம் அவள் ஆபரேஷனுக்குப் பன்னிரண்டு பேரைச் சேர்க்கவேண்டியிருந்தது, ஏழு பேர்தான் ஆகியிருந்தது. அரைக் காயைக் காட்டினால் இந்த முகங்கள் எப்படி மாறும் என்பதும் தெரியும்.

“அதுக்கு எடுக்கவே வேணாம்” என்றாள். “நூறும் நூறுதான். ஒரு தடவ பண்ணிட்டா அதோட கவலை தீந்துச்சு.”

ஆண்களுக்கான ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது பெண்கள் சிரித்தார்கள். “எங்க வீட்டுல கத்தியக் கண்டா மயக்கம் போட்டு விழுந்துருவாரு” என்று ஒருத்தி சொன்னாள். ஷஹானாவும் சேர்ந்து சிரித்துவிட்டு ஏலக்காய்களைப் பையில் அள்ளிக்கொண்டாள். அந்தக் கூட்டத்திலிருந்து ஐந்து பேர் பெயர் கொடுத்தார்கள். ஜோதி பிரசவம் முடிந்த நான்காம் நாள் ஆபரேஷன் செய்துகொண்டாள். கையெழுத்துப் போட்ட படிவத்தில் ஒரு வரி இருந்தது. மாதவிலக்குத் தள்ளிப்போனால் இரண்டு வாரத்துக்குள் வந்து காட்டவேண்டும் என்று. ஜோதி அதைப் படிக்கவில்லை. ஷஹானா படித்துக் காட்டவில்லை.

ஷஹானா பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது, ஜோதியை ஏற்றிப் போகும் ஜீப்பு டிரைவர் சின்னமுத்து போடியில் இருந்தான். காலையில் ஆட்களை இறக்கிவிட்டு வந்து, உர மூட்டை ஏற்றிக்கொண்டு மறுபடி மேலே போகிற நேரம்.

“வாங்கக்கா, முன்னால ஏறுங்க” என்றான். வண்டி ஊரைத் தாண்டிய பிறகுதான் விஷயத்தைக் கேட்டான். ஷஹானா ஜோதியின் பெயரைச் சொன்னதும் அவன் முகம் மாறியது.

“காலையிலயே அந்தப் பிள்ள முகம் நல்லால்ல. ரெண்டு வளைவுல வண்டிய நிப்பாட்டச் சொல்லி எறங்கி வாந்தி எடுத்துச்சு. திரும்பிப் போயிரு தாயின்னேன். இன்னிக்கு ஒரு நாளு விட்டா வேற ஆளப் போட்டுருவாங்கண்ணேன்னு ஏறிக்கிருச்சு.”

“அண்ணே, வெரசாப் போங்க.”

“என்னன்னு சொல்லுங்கக்கா.”

“சந்தேகம்தான். பாத்தாத்தான் தெரியும்.”

சந்தேகம் என்று சொன்னாளே தவிர, அவளுக்குள் அது அநேகமாக முடிவாகியிருந்தது. ஆபரேஷனில் கட்டிவைத்த கருக்குழாய் எப்போதாவது தன்னால் இணைந்துகொள்ளும். முழுதாக இணையாமல் இணைந்தால், கரு கர்ப்பப்பைக்குப் போய்ச் சேராமல் குழாயிலேயே தங்கிவிடும். பென்சில் பருமன்கூட இல்லாத குழாய். ஆறு வாரம், எட்டு வாரம் வரை தாங்கும். பிறகு வெடிக்கும். வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டே இருக்கும், வெளியே ஒன்றிரண்டு சொட்டுதான் தெரியும். உள்ளே தேங்குகிற ரத்தம் மேலேறினால் வலிப்பது தோள்பட்டையில். இதையும் அவள் எழுதி வைத்திருந்தாள். பதினோரு வருடத்தில் ஒரு முறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.

முந்தல் செக்போஸ்ட் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கியது. ஆவணிக் கடைசி. கீழே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஐந்தாவது வளைவில் மேகம் சாலைக்கு இறங்கியது. எட்டாவது வளைவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. பத்தாவதில் புதிதாகச் சரிந்த மண்ணும் கல்லும் பாதிச் சாலையை அடைத்துக் கிடந்தன. சின்னமுத்து விளிம்பையொட்டி வண்டியை நகர்த்தினான். “காலையில இது இல்ல” என்று மட்டும் சொன்னான்.

போடிமெட்டில் ஒரு கோடு சிக்னல் கிடைத்தது. ஷஹானா ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குப் பேசினாள், பிறகு 108க்குப் பேசினாள். மேலே வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும், சரிந்த இடத்தில் பெரிய வண்டி திரும்பாது என்றார்கள். “முந்தல்ல நில்லுங்க. நான் கொண்டாறேன்” என்றாள்.

மெட்டைத் தாண்டி நான்கு கிலோமீட்டர் கல் ரோட்டில் போனால் தோட்டம். ஏலச்செடிகள் ஆளைவிட உயரமாக நின்றன. உள்ளே நுழைந்துவிட்டால் பத்தடி தள்ளி நிற்பவரைக்கூடப் பார்க்க முடியாது. பெண்கள் செடியின் தூரில் குந்தி உட்கார்ந்து காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சுச் சத்தம் மட்டும் இங்கும் அங்கும் கேட்டது.

“ஜோதியா? தல சுத்துதுன்னு ஷெட்டுக்குப் போனாளே” என்றாள் ஒருத்தி.

ஷெட்டில் மலையாளி மேஸ்திரி இருந்தார். “இவிடெ வந்நில்லல்லோ” என்றவர், ஷஹானாவின் வெள்ளைக் கோட்டைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். “இங்க வரல சிஸ்டர். அவ லைன்லதானே இருக்கா?”

பெண்கள் காய் எடுத்த லைனில் இல்லை. ஷெட்டிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே முந்நூறு அடி தூரம், முழுக்கச் செடிகள். ஷஹானா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பெண்கள் கூடையை வைத்துவிட்டு எழுந்து அவர்களும் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. மேலே மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம்தான். சின்னமுத்து ஒரு பக்கமும் மேஸ்திரி ஒரு பக்கமுமாகச் செடிகளை விலக்கிக்கொண்டு போனார்கள்.

ஷஹானாதான் கண்டுபிடித்தாள். ஒரு பலா மரத்தின் அடியில், இடுப்பில் பிளாஸ்டிக் சாக்கைக் கட்டியபடி, மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் ஜோதி. கண் திறந்திருந்தது. உதடு மண்நிறத்தில் இருந்தது. கணுக்காலில் இரண்டு அட்டைகள் ரத்தம் குடித்துப் பருத்துத் தொங்கின. அவளுக்கு அது தெரியவே இல்லை.

“ஜோதி.”

“அக்கா?” குரல் மெல்லியதாக வந்தது. “நீங்க எங்க இங்க?”

ஷஹானா அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். காகிதம்போல வெளுத்திருந்தது. நாடி வேகவேகமாக, நூலிழையாக ஓடியது. வயிற்றில் கை வைத்ததும் ஜோதி அலறினாள்.

“கடைசியா எப்ப குளிச்ச?”

“ஆடி மொத வாரம்... அப்பறம் லேசா லேசா பட்டுச்சு. அவ்வளவுதான்.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “கேஸுதானக்கா?”

மேஸ்திரி கட்டன் சாயா கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தார். “ஒண்ணும் குடுக்காதீங்க. தண்ணிகூட வேணாம்” என்று ஷஹானா கத்தியது அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு தார்ப்பாயில் ஜோதியைத் தூக்கினார்கள். ஜீப்பின் பின்புறம் இருந்த உர மூட்டைகளைச் சின்னமுத்து ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினான். கடைசியாக இரண்டு மூட்டையை மட்டும் விட்டு, ஜோதியின் கால்களை அவற்றின் மேல் உயர்த்தி வைக்கச் சொன்னாள் ஷஹானா.

இறக்கத்தில் அவள் பின்னால் ஜோதியோடு உட்கார்ந்துகொண்டாள். மேகம் வண்டிக்குள்ளேயே வந்து போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஜோதியின் உடம்பு ஒரு பக்கம் சாய, அவள் பல்லைக் கடித்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஷஹானா நாடி பார்த்தாள். நூற்றிருபது. நூற்றிருபத்தெட்டு.

“என்னன்னு சொல்லுங்கக்கா.”

“கரு தங்கியிருக்கு ஜோதி. தங்கக்கூடாத எடத்துல.”

ஜோதி தார்ப்பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆபரேஷன் பண்ணா வராதுன்னீங்களே.”

“சொன்னேன்.”

“அப்ப இது என்ன?”

ஷஹானா வாயைத் திறந்தாள். வண்டி குலுங்கி நின்றது. சரிந்த இடம் வந்திருந்தது. கீழிருந்து ஏறிய காய்கறி லாரி ஒன்று அந்தக் குறுகலில் பாதி நுழைந்து மாட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு பஸ். சின்னமுத்து இறங்கி ஓடினான். ஹாரன்கள், வாய்ச்சண்டை, பின்னால் போ, முன்னால் வா என்று பல குரல்கள். இருபது நிமிடம். ஷஹானா தன் வாழ்க்கையில் அதுபோல நீண்ட இருபது நிமிடத்தைப் பார்த்ததில்லை. ஜோதியின் கை குளிர்ந்துகொண்டே போயிற்று. அவளோ வலியைப் பற்றிப் பேசவில்லை.

“அவருகிட்ட சொல்லாதீங்கக்கா.”

“யாருகிட்ட?”

“எங்க வீட்டுக்காரருகிட்ட. ஆடிப் பெருக்குக்கு வந்துட்டுப் போனவரு, அப்பறம் வரவே இல்ல. ஆபரேஷன் பண்ணவ முழுகாம இருக்கான்னா என்ன நெனப்பாரு? அத்தை என்ன நெனைக்கும்? கட்டி, கொடலு, ஏதாச்சும் சொல்லிருங்க.”

“நீ பேசாத. நான் பாத்துக்கிறேன்.”

“நம்ப மாட்டாங்கக்கா” என்றாள் ஜோதி. அதற்குமேல் அவள் பேசவில்லை. லாரி நகர்ந்து ஜீப்பு கிளம்பியபோது அவள் கண்கள் மேலே செருகியிருந்தன. ஷஹானா அவள் கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தாள். யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று அவள் வாய் முணுமுணுத்ததை முன்னாலிருந்த சின்னமுத்து கேட்டான். மீதி வளைவுகளை அவன் எப்படி இறங்கினான் என்று பின்னால் அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

முந்தலில் 108 நின்றது.

பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தபோது உள்ளே இரண்டு லிட்டர் ரத்தம் இருந்ததாகப் பிறகு டாக்டரம்மா சொன்னார். வெடித்த வலது குழாயை எடுத்துவிட்டார்கள். இடது பக்கத்தைத் தொட அவள் உடம்பு இடம் கொடுக்கவில்லை. நான்கு யூனிட் ரத்தம் ஏறியது. அதில் ஒன்று சின்னமுத்துவுடையது. “இன்னும் அரை மணி நேரம் ஆயிருந்தா கொண்டுவந்து பிரயோஜனம் இல்ல” என்றார் டாக்டரம்மா. 

ஜோதியின் புருஷன் பாண்டியராஜன் மறுநாள் பகல் பதினோரு மணிக்குத் திருப்பூரிலிருந்து வந்துசேர்ந்தான். பனியன் கம்பெனியில் வேலை. அதிகம் பேசாதவன் என்று பெயர். வந்தவன் வார்டுக்குள் போகவில்லை. நடைபாதையில் ராமுத்தாய் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரே, ஜன்னலோரம் நின்றான். கையில் கேஸ் சீட்டின் நகல் இருந்தது. ஷஹானா அருகில் வந்ததும் அதை நீட்டினான்.

“இதுல எட்டு வாரம்னு போட்டிருக்கு.”

“ஆமா.”

“எட்டு வாரத்துக்கு முன்னாடி நான் திருப்பூர்ல இருந்தேன். கம்பெனி நோட்டுல கையெழுத்து இருக்கு.” குரல் உயரவே இல்லை. அதுதான் ஷஹானாவுக்குப் பயமாக இருந்தது. “நான் ஊருக்கு வந்தது ஆடிப் பெருக்கு. அது ஆறு வாரம். இந்த ரெண்டு வாரம் யாரு கணக்கு?”

ராமுத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். நேற்று மாலையிலிருந்து அவள் மருமகள் முகத்தைப் பார்க்க உள்ளே போகவில்லை என்பதை ஷஹானா கவனித்திருந்தாள்.

“தம்பி, டாக்டருங்க கணக்கு அப்படித்தான். கரு தங்குன நாள்ல இருந்து எண்ண மாட்டாங்க. கடைசியாக் குளிச்ச நாள்ல இருந்து எண்ணுவாங்க. கரு தங்குறது அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சுத்தான். எல்லாப் பொம்பளைக்கும் இந்தக் கணக்குதான். ஒங்க மூத்த பிள்ளைக்கும் இப்படித்தான் எண்ணுனோம். எட்டுல ரெண்டு போனா ஆறு. நீங்க வந்த நாளுதான்.”

அவன் சீட்டைப் பார்த்தான். உதடு அசைய எண்ணினான். மறுபடி எண்ணினான்.

“சரி. அப்படியே இருக்கட்டும். ஆபரேஷன் பண்ணவளுக்கு எப்படித் தங்குச்சு? வராதுன்னு சொல்லித்தானே பண்ணுனீங்க? ஊருல நூறு பேரு பண்ணியிருக்காங்க, ஒருத்திக்கும் வரலையே?”

டாக்டரம்மாவைக் காட்டி, அவரிடம் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். மருத்துவத்தில் இதெல்லாம் சகஜம் என்று சொல்லி நகர்ந்திருக்கலாம்.  ஷஹானா அவன் முகத்தைப் பார்த்தாள்.

“இருநூறு பேரு பண்ணா ஒருத்திக்கு இப்படி ஆகும். எனக்கு அது தெரியும். ஒங்க வீட்டுல கேட்டாங்க. நான் மறைச்சேன்.”

“ஏன்?”

“சொன்னா பயந்துபோய் வர மாட்டாங்கன்னு. அந்த மாசம் எனக்குப் பன்னெண்டு பேரு வேண்டியிருந்துச்சு. மாசம் தள்ளிப் போனா ஒடனே வரணும்னு சொல்லியிருந்தா, அவங்க முன்னாடியே வந்திருப்பாங்க. நான் சொல்லாததால சத்துக்குறைவுன்னு நெனச்சுட்டு மலையேறிப் போயிருக்காங்க. தப்பு அவங்க மேல இல்ல. என் மேல.”

பாண்டியராஜன் ஓரடி முன்னால் வந்தான். அடிக்கத்தான் போகிறான் என்று ஷஹானா ஒரு கணம் நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றும் நினைத்தாள்.

“எழுதிக் குடுங்க” என்றான்.

“என்ன?”

“இப்ப சொன்னத. அப்படியே. கையெழுத்துப் போட்டு.”

ஷஹானாவைப் பார்க்க வந்திருந்த இன்னொரு நர்ஸ் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். “பைத்தியமா ஷஹானா? எழுத்துல குடுத்தா வேலைக்கே ஆபத்து.” ஷஹானா கையை விடுவித்துக்கொண்டாள். பெஞ்சில் உட்கார்ந்து, கேஸ் சீட்டின் பின்பக்கத்தில், சொன்னதைச் சொன்னபடியே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். பாண்டியராஜன் அதைத் தன் தாயிடம் வாசித்துக் காட்டினான். நடைபாதையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசித்து முடித்ததும் ராமுத்தாய் எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, ஷஹானாவை ஏறிட்டும் பார்க்காமல் வார்டுக்குள் போனாள். உள்ளிருந்து அவள் அழுகிற சத்தம் கேட்டது.

பாண்டியராஜன் உள்ளே போக இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று.

அந்தச் சீட்டைப் பற்றிய பேச்சு மேலிடம்வரை போய் விசாரணை வந்தது. மெமோ கொடுத்தார்கள். ஷஹானா மறுக்கவில்லை. இடமாற்றம் வரும் என்றார்கள். வரும்வரை அங்கேயே இருக்கச் சொன்னார்கள்.

ஜோதி ஊர் திரும்பி நாற்பது நாள் கழித்து ஷஹானா அவள் வீட்டுக்குப் போனாள். அதற்கு முன்னால் மூன்று தடவை போயிருந்தாள். மூன்று தடவையும் ஜோதி தூங்குகிறாள் என்று சொல்லப்பட்டது. இந்த முறை ஜோதியே கதவைத் திறந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“உக்காருங்க” என்றாள். அக்கா என்ற சொல்லை விட்டுவிட்டாள்.

“இடது பக்கக் குழாய் இன்னும் இருக்கு ஜோதி. முன்ன கட்டுனதுதான். அதையும் நம்பிக்கிட்டு இருக்க வேணாம். எல்லாத்தையும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“சொல்லுங்க.”

ஷஹானா எல்லாவற்றையும் சொன்னாள். காப்பர்-டி நூற்றுக்கு ஒன்றுதான் தவறும், ஆனால் அவளுக்கு உதிரம் கொட்டும், இப்போது இருக்கிற ரத்தத்துக்கு அது ஆகாது. ஊசி போட்டால் நூற்றுக்கு நாலு, தேதி தவறாமல் போட்டால் அதைவிடக் குறைவு, மாதவிலக்கு தாறுமாறாக வரும், நின்றும் போகலாம். நின்றால் சும்மா இருந்துவிடக்கூடாது, வந்து சோதித்துக்கொள்ளவேண்டும். மாத்திரைக்கு ஏழு. நிரோத்துக்குப் பதிமூன்று. எதிலும் பூஜ்யம் இல்லை.

“இருக்குறதுலயே கம்மி, அவருக்குப் பண்றதுதான். ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு. பண்ணுன மூணு மாசத்துக்கு வேற ஏதாச்சும் சேத்து வச்சுக்கணும். அப்பறம் சோதிச்சுப் பாத்து, சரின்னு வந்தாத்தான் நம்பணும்.”

“அவருகிட்ட சொன்னீங்களா?”

“போன்ல சொன்னேன். பாப்போம்னாரு.”

ஜோதி சிரிக்கவில்லை. சுவரோரம் மடித்து வைத்திருந்த புதுச் சேலையைத் தள்ளி வைத்தாள். “தீவாளிக்கு வரல. சேலைய மட்டும் பார்சல்ல அனுப்பிவிட்டாரு. நீங்க எழுதிக் குடுத்த சீட்டு அவருகிட்டதான் இருக்கு. போகும்போது சட்டப் பையில வச்சுக்கிட்டுப் போனாரு. எதுக்குக் கொண்டு போறாருன்னு எனக்குத் தெரியல. நம்புறதுக்கா, நாளைக்கு நம்பாம இருக்குறதுக்கா. கேக்கவும் பயமா இருக்கு.”

ஷஹானா தன் மருந்துப் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“ஊசியே போடுங்க” என்றாள் ஜோதி. “நூத்துல நாலுன்னா நாலு. தெரிஞ்சு போட்டுக்கிறேன்.”

ஊசி போட்டு முடித்துப் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: “என்ன மாதிரி நீங்க கூட்டிட்டுப் போனவங்க எத்தன பேரு?”

“நூத்தி அறுபத்தி மூணு.”

“அவங்ககிட்டயெல்லாம் இதச் சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டே வர்றேன்.”

“எனக்குச் சொல்லல. அவங்களுக்காச்சும் சொல்லுங்க” என்றாள் ஜோதி. எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். மறுநாளிலிருந்து மலைக்குப் போவதாகச் சொன்னாள்.

ஷஹானா பதிவேட்டை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். சில பெண்கள் சிரித்தார்கள். சிலர் முகம் சிவக்கத் திட்டினார்கள். ஒருத்தி, “இத்தன வருசம் நிம்மதியாத் தூங்குனேன், அதையும் கெடுத்துட்டீங்களே” என்று கதவைச் சாத்தினாள். காய்ச்சலிலிருந்து எழுந்து மறுபடி மலைக்குப் போய்க்கொண்டிருந்த மகாராணி மட்டும் உட்காரவைத்து, எல்லாவற்றையும் இரண்டாம் முறையும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். கார்த்திகை முடிவதற்குள் ஷஹானா நூற்று நாற்பது பெயர்களுக்கு எதிரே டிக் அடித்திருந்தாள். மீதி இருபத்து மூன்று பேர் ஊரில் இல்லை. மலை மேலே தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் தங்கி வேலை செய்கிறவர்கள். பதிவேட்டில் இருந்த எண்கள் பாதி உபயோகத்தில் இல்லை, பாதி சிக்னல் இல்லாத இடத்தில்.

இடமாற்ற உத்தரவு வந்த வாரம் அவள் இரண்டு நாள் விடுப்பு எடுத்தாள். சின்னமுத்துவின் ஜீப்பில் விடியற்காலையில் ஏறி, போடிமெட்டைத் தாண்டி, ஒவ்வொரு லயமாக இறங்கி விசாரித்தாள். முதல் நாள் பதினான்கு பேரைப் பார்த்தாள். இரண்டாம் நாள் எட்டு பேர். கடைசியாக ஒரு பெயர் மிஞ்சியது. முனியாயி, வயது இருபத்தேழு, ஆபரேஷன் ஆகிப் பதினொரு மாதம்.

லயத்து வரிசையின் கடைசி வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டே தலையை உயர்த்தினாள்.

“அவுகளா? போன வாரமே வேற தோட்டத்துக்குப் போயிட்டாக.”

“எந்தத் தோட்டம்?”

“சொல்லிக்கிட்டுப் போகலையே. உள்ள ரொம்பத் தூரம்னு மட்டும் அவ மாமியார் சொன்னா.” அந்தப் பெண் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். “என்ன சோலி? அவ ஒடம்பு சரியில்லாமக் கெடந்தாளே, அதக் கேக்கவா வந்தீங்க?”

“ஒடம்புக்கு என்ன?”

“வயித்து வலிதான். வேற என்ன.”

சின்னமுத்து ஜீப்பைக் கிளப்பாமல் காத்திருந்தான். மேகம் லயத்துக் கூரைகளின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போகிற கல் ரோடு அந்த இடத்தில் மூன்றாகப் பிரிந்தது.

“எந்தப் பக்கம்க்கா?” என்றான்.

ஷஹானா ஏறி உட்கார்ந்தாள்.

“மொதல்ல எடது பக்கம் போங்கண்ணே. கேட்டுக்கிட்டே போவோம்.”